தியேட்டரில் தமிழ் பேசிய ரத்தக் காட்டேரிகள்... வீட்டுக்கு வரும்போதும் பேசுமா? முழு விளக்கம்

அலங்காநல்லூரில் இருந்து மதுரை சுமார் 15 கி.மீ. பஸ், டிக்கெட், பாப்கார்ன் என்று கணக்குப் போட்டால், "ஓடிடி-ல வரட்டும், பாத்துக்கலாம்" என்று தோன்றுவது சகஜம். நம்ம ஊர் படங்களுக்கு இந்தக் கணக்கு சரிதான். ஜப்பான் அனிமே படங்களுக்கு அப்படி இல்லை. ஏன்?

எந்தப் படம்?

'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்'. 2025 செப்டம்பர் 12-ல் இந்தியாவில் தமிழ் டப்பிங்கோடு வெளியானது. இயக்கம் ஹருவோ சொடோசாகி, தயாரிப்பு யூஃபோடேபிள் ஸ்டூடியோ. 155 நிமிடம் ஓடும் இது, மூன்று பாகங்களில் முதல் பாகம்.

இது காட்டேரிக் கதையா?

கிட்டத்தட்ட அப்படித்தான். இதில் வரும் அரக்கர்கள் மனிதர்களைத் தின்பவர்கள். தலைவன் முசானின் ரத்தம் உடம்பில் ஏறினால் மனிதனும் அரக்கன் ஆவான். வெயில் பட்டால் சாம்பல்தான். டிராகுலாவுக்குப் பூண்டு ஆகாது. இவர்களுக்கு விஸ்டீரியா பூ ஆகாது. இருண்ட கோட்டைக்குப் பதில், மேல் கீழ் தெரியாமல் முடிவே இல்லாமல் நீளும் மரக்கோட்டை.

வீட்டுக்கு வர ஏன் லேட்?

தமிழ்ப் படங்கள் பல நான்கே வாரத்தில் ஓடிடி-க்கு வந்துவிடுகின்றன. ஆனால் இதே வரிசையின் 'முகென் டிரெய்ன்' ஜப்பான் தியேட்டர்களுக்கு வந்தது 2020 அக்டோபர் 16-ல். அங்கே டிஸ்க் வந்தது 2021 ஜூன் 16-ல். சரியாக 8 மாதம்! காரணம், ஜப்பானில் ஹிட் படங்கள் மாதக்கணக்கில் ஓடும். டிஸ்க்கும் இன்னும் விற்கிறது. அந்தப் படத்தின் டிஸ்க் முதல் 3 நாளிலேயே 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

அந்த டிஸ்க்கை வாங்கினால்?

அங்கேதான் சிக்கல். புளூ-ரேயில் ஜப்பானும் அமெரிக்காவும் 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம். மண்டலப் பூட்டு போட்ட டிஸ்க் என்றால் நம்ம ஊர் பிளேயரில் ஓடாது. ஓடினாலும் தமிழ் ஆடியோ அதில் சேர்த்திருந்தால்தான் உண்டு.

தமிழ் டப்பிங் என்ன ஆகும்?

தியேட்டர், ஓடிடி, டிவி, டிஸ்க் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமை. தியேட்டரில் தமிழில் வந்ததால் ஓடிடி-யிலும் தமிழ் இருந்தே ஆகணும்னு விதி எதுவும் இல்லை. ஆனால் வாய்ப்பு இருக்கிறது. சோனியின் கிரஞ்சிரோல் தளம் 'சோலோ லெவலிங்' போன்ற தொடர்களை ஏற்கெனவே தமிழில் தருகிறது.

திருட்டு லிங்க்கில் பார்த்தால் என்ன?

2023 சட்டத் திருத்தப்படி, தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு ஜெயில், குறைந்தது ரூ.3 லட்சம் அபராதம். பார்ப்பவருக்கும் ஒரு நஷ்டம் உண்டு. திருட்டு லிங்க்கில் பார்த்த தமிழ் ரசிகர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். கணக்கில் ஆள் இல்லை என்றால், அடுத்த படத்தைத் தமிழில் டப் செய்ய யார் காசு போடுவார்கள்?

இன்னும் இரண்டு பாகங்கள் பாக்கி. எந்தத் தளத்தில் காசு கட்டும் முன்பும், ஆடியோ பட்டியலில் 'தமிழ்' இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.