யாருக்கோ ஒரு தட்டு

டிசம்பர் பிறந்துவிட்டால் பத்திரிகைகளுக்கு ஒரு வேலை வந்துவிடுகிறது. 'நாடுகள்தோறும் கிறிஸ்துமஸ்' என்று தலைப்புப் போட்டுக்கொண்டு, ஜப்பானியன் பொரித்த கோழி தின்கிறான், ஆஸ்திரேலியன் கடற்கரையில் வெயில் காய்கிறான், எதியோப்பியாவில் ஜனவரி 7-ஆம் தேதிதான் பண்டிகை என்று வரிசையாக அடுக்குவார்கள். நாமும் "அட, அப்படியா!" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். மிருகக்காட்சிசாலையில் கூண்டு கூண்டாக வேடிக்கை பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இவையெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. 1974-இல் ஒரு கோழிக்கறிக் கம்பெனி செய்த விளம்பரம் ஜப்பானில் சம்பிரதாயமாகிவிட்டதும், எதியோப்பியத் திருச்சபை பழைய பஞ்சாங்கத்தை விடாமல் பிடித்திருப்பதும் உண்மைதான். என் வழக்கு வேறு. யார் என்ன தின்றார்கள், எதை உடுத்தார்கள் என்று கணக்கெடுத்துவிட்டு, ஒரு பண்டிகையையே தெரிந்துகொண்டதாக எண்ணிக்கொள்கிறோமே, அதைத்தான் மறுக்கிறேன்.

இந்தப் பண்டிகையின் மூலக்கதை என்ன? நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, வெளியூர், சத்திரத்தில் இடமில்லை. பிறந்த குழந்தையை மாட்டுத் தொட்டியில் கிடத்தினார்கள். கதையின் உயிர்நாடி அந்த 'இடமில்லை'யில்தான் இருக்கிறது. பனியும் ஊசியிலை மரமும் சிவப்புச் சட்டைக் கிழவரும் பின்னால் வந்து சேர்ந்தவை.

மெக்சிகோ நாட்டு ஜனங்கள் இதை மறக்கவில்லை. டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் அங்கே 'போசாதாஸ்' நடக்கிறது. அந்தச் சொல்லுக்கே சத்திரம் என்றுதான் பொருள். ஒரு கூட்டம் வீட்டு வாசலில் நின்று தங்க இடம் கேட்டுப் பாடும். உள்ளே இருப்பவர்கள் மறுத்துப் பாடுவார்கள். கடைசியில் கதவு திறக்கும், விருந்து நடக்கும். 'இல்லை, போ' என்று சொன்ன வாயாலேயே 'வா' என்றும் சொல்ல வைக்கிற சடங்கு இது.

போலந்தில் வழக்கம் இன்னும் அழகானது. டிசம்பர் 24 மாலையில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே சாப்பிட உட்காருவார்கள். மாமிசமில்லாத 12 பதார்த்தங்கள். மேஜை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை தட்டு, அதற்கு மேல் ஒரு தட்டு. எதிர்பாராமல் கதவைத் தட்டும் வழிப்போக்கனுக்காக அது.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் நானும் அந்தப் பத்திரிகைக்காரர்களில் ஒருவனாகியிருப்பேன். ஆனால் 2021-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அந்தத் தட்டுக்கு உரியவன் மெய்யாகவே வந்தான். ஈராக்கிலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் கிளம்பியவர்கள் பெலாரஸ் வழியாகப் போலந்தின் எல்லைக் காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களைப் பகடைக்காயாக உருட்டிவிட்டது பெலாரஸ் அரசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் போலந்து அரசு என்ன செய்தது? வந்தவர்களைக் காட்டுக்குள்ளேயே திருப்பித் தள்ளியது. உதவப் போகிறவர்களும் நிருபர்களும் எல்லையோரத்தில் கால் வைக்கக் கூடாதென்றது. சிலர் குளிரில் விறைத்துச் செத்தார்கள். 2022-இல் 186 கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்பு வேலி எழுந்தது. அந்த இரண்டு டிசம்பர்களிலும் நாடெங்கும் மேஜைகளில் காலித் தட்டு இருந்தது!

"பண்டிகை நாளில் அரசியல் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். குடிக்கணக்கு எழுதச் சொன்ன ஒரு சக்கரவர்த்தியின் உத்தரவால்தான் அந்தத் தம்பதி பெத்லகேமுக்குப் போனதாகக் கதை சொல்கிறது. அரசியலை நான் கொண்டுவந்து சேர்க்கவில்லை ஐயா, அது முதலிலிருந்தே அங்கே இருக்கிறது.

போலந்துக்காரர்களை மொத்தமாகக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அதே எல்லையோரக் கிராமங்களில் சில வீட்டுக்காரர்கள் இரவில் ஜன்னலில் பச்சை விளக்கு ஏற்றினார்கள். இங்கே வந்தால் சோறும் கம்பளியும் உண்டு, பயமில்லை என்று காட்டுக்குள் இருப்பவனுக்கு அது அடையாளம். தட்டு வைப்பது சம்பிரதாயம். விளக்கு வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும். என்னைக் கேட்டால், அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நடந்தது அந்த வீடுகளில்தான்.

அடுத்த டிசம்பரிலும் பத்திரிகைகள் பட்டியல் போடட்டும். எந்த நாட்டில் என்ன பலகாரம் என்று எழுதட்டும். கதவைத் தட்டியவனுக்கு அங்கே என்ன கிடைத்தது என்பதையும் கூடவே ஒரு வரி எழுதட்டும்.