கூரையில் கரண்டு: கையெழுத்துப் போடுமுன் ஒரு கணக்கு

சென்ற மாதம் பாகான் செராய்க்குப் போயிருந்தேன். பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில் தெரிந்தவர் வீடு. சுற்று வட்டாரத் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் அங்கே பல உண்டு. இந்த வீட்டிலும் பாட்டி பால்மரம் வெட்டியவர். மகள் தொழிற்சாலைக்குப் போகிறார். பேத்தி இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள்.

மேசைமேல் பளபளவென்று ஒரு தாள் கிடந்தது. காலையில் வந்த விற்பனைக்காரர் கொடுத்தாராம். கூரையில் சோலார் தகடு பொருத்தினால் கரண்டு பில்லே வராது, மாதம் 250 வெள்ளி வீதம் ஏழு வருடம் கட்டினால் போதும் என்று அதில் இருந்தது.

"அண்ணே, கையெழுத்துப் போடலாமா? மழைன்னா கரண்டு போயிடுது. அம்மாவுக்கு மூச்சிழுப்பு. ஆவி மருந்து மெஷின் நின்னுபோனா என்ன செய்யறது? தகடு இருந்தா நிக்காதுன்னு சொன்னாரு" என்றார் மகள்.

நான் பதில் சொல்லுமுன் பாட்டி சிரித்தார். "எங்க காலத்துல கரண்டு எப்ப வரணும், எப்ப போகணும்னு தொரைதான் முடிவு பண்ணுவாரு. இப்ப நம்மளையே கேக்குறாங்க பாரு!"

பாட்டி சொன்னது உண்மை. பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930 அளவிலேயே மின்சாரம் தந்தது. ஈயச் சுரங்கங்களுக்கும் பட்டணங்களுக்கும் அது ஒளி கொடுத்தது. நம் லயங்களிலோ மண்ணெண்ணெய் விளக்குதான். பிறகு பல தோட்டங்களில் டீசல் இஞ்சின் வந்தது. பொழுது சாய்ந்ததும் எரியும், இரவு பத்து மணி வாக்கில் நின்றுவிடும். படிக்கிற பிள்ளை மீண்டும் சிம்னியைத் துடைத்து விளக்கேற்ற வேண்டும். தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதே ஆண்டில்தான் தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் ஆயிற்று.

அன்று நமக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. இன்று கம்பி வழி வரும் கரண்டு, கூரைத் தகடு, பேட்டரி, ஜெனரேட்டர் என்று நாலு வழி இருக்கிறது. வழி கூடினால் கணக்கும் கூட வேண்டும் அல்லவா?

"முதலில் உங்கள் பில்லைக் கொடுங்கள்" என்றேன். 190 யூனிட். இரண்டு காற்றாடி, ஒரு குளிர்பெட்டி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம், விளக்குகள். அவ்வளவுதான்.

2025 ஜூலை முதல் தேதியிலிருந்து வீட்டுக் கரண்டுக்கு யூனிட்டுக்கு 44.43 காசு அடிப்படை விலை. ஆனால் மாதம் 200 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு யூனிட்டுக்கு 25 காசு கழிவு உண்டு. ஆகவே 190 யூனிட்டுக்குச் சுமார் 37 வெள்ளி. பயன்பாடு ஏற ஏற இந்தக் கழிவு தேய்ந்துவிடும். 600 யூனிட் ஓடும் வீடு 210 வெள்ளிக்கு மேல் கட்ட வேண்டும். யூனிட் மூன்று மடங்கு, பணமோ ஐந்து மடங்குக்கும் மேல்!

37 வெள்ளியை மிச்சப்படுத்த மாதம் 250 வெள்ளி கட்டுவதா? ஏழு வருடத்தில் அது 21,000 வெள்ளி. பேத்தியின் மேற்படிப்புக்கு ஆகும் பணம்.

அதற்காகச் சோலார் ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல சாதனம்தான். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு மூன்றரை யூனிட் அளவில் தரும். இரண்டு மூன்று ஏர்கோன் ஓடி, பகலிலும் ஆள் இருக்கும் வீடாக இருந்தால் லாபம் காணலாம். பகலெல்லாம் பூட்டிக் கிடந்து இரவில் மட்டும் விளக்கெரியும் வீட்டுக்கு அந்த லாபம் குறைவு. 2025 ஜூன் வரை இருந்த திட்டத்தில், மிஞ்சிய கரண்டை யூனிட்டுக்கு யூனிட் கழித்தார்கள். 2026 ஜனவரியில் 'சோலார் அத்தாப்' வந்தது. பெயரைக் கேட்டால் பழைய அத்தாப்புக் கூரைதான் நினைவுக்கு வருகிறது. இதில் மிஞ்சிய கரண்டுக்கு நாம் கொடுக்கும் விலை கிடைக்காது. பகலில் தயாராவதைப் பகலிலேயே செலவழித்தால்தான் முழு ஆதாயம்.

இனி மூச்சிழுப்பு விஷயம். விற்பனைக்காரர் சொன்னதில் பெரிய ஓட்டை இதுதான். பேட்டரி இல்லாத கூரைத் தகடு, தெருவில் கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் பழுது பார்ப்பவர்மேல் நம் வீட்டுக் கரண்டு பாயக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். நட்டநடு வெயிலிலும் நிற்கும்.

"அப்ப பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஜெனரேட்டர் வாங்கி அடுப்படியில வச்சுக்கலாமா?"

வேண்டவே வேண்டாம், தங்கச்சி! ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஜெனரேட்டர் ஓட வேண்டுமானால் வெட்டவெளியில், சன்னலுக்கும் கதவுக்கும் எட்ட ஓட வேண்டும். மழை என்று உள்ளே இழுக்கக்கூடாது. செலவும் அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிரண்டு யூனிட்தான் தேறும்.

பாட்டியின் தேவை அவ்வளவு பெரிதில்லை. மெஷின் ஓடுவது ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். பேட்டரியில் ஓடும் கையடக்க மெஷின்கள் கடைகளில் கிடைக்கின்றன. கரண்டே தேவைப்படாத கைப்பம்பு மருந்தும் இருக்கிறது. எது ஏற்றது என்று கிளினிக்கில் டாக்டரைக் கேளுங்கள் என்றேன். அதோடு, எப்போதும் சார்ஜ் ஏற்றி வைத்த ஒரு விளக்கு போதும்.

இன்னும் தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூரை நிர்வாகத்துடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அங்கே கடன் வாங்கித் தகடு போடாதீர்கள். கையில் எடுத்துப் போகக்கூடிய சின்னச் சோலார் விளக்கே போதும். வயரிங் பழுதாக இருந்தால் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து கம்பி இழுக்காதீர்கள். தீப்பிடித்தால் லயமே போய்விடும்.

ஆக, கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது நாலு கேள்வி. மாதம் எத்தனை யூனிட்? பகலிலா, இரவிலா? கூரை யாருடையது? பொருத்த வருகிறவர் செடா ஆணையத்தில் பதிந்தவரா?

மகள் பில்லையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நேரம் பார்த்தார். பிறகு தாளை மடித்து ஆடும் மேசைக்காலுக்குக் கீழே செருகினார். பாட்டிக்கு மகா திருப்தி.

உங்கள் வீட்டு பில் எங்கே இருக்கிறது? இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.