வினிகருக்கு எட்டாத இடம்

திண்டுக்கல் மாவட்டத்துச் செவிலியர்கள் ஒருமுறை உலக மருத்துவத்துக்கே பாடம் எடுத்தார்கள். 2000-இல் தொடங்கிய ஆய்வு அது. அம்பிளிக்கை மருத்துவமனையின் துணையோடு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெறுங்கண்ணால் பார்த்தார்கள். கோளாறான திசு சற்று நேரத்தில் வெளுத்துவிடும். 2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைவு. ஒப்பீட்டுக்காக வைத்த முப்பதாயிரம் பேருக்கு அந்தச் சோதனையைச் செய்யாதது சரியா என்று பின்னாளில் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

சில அங்குலம் தள்ளி, வயிற்றுக்குள் இருக்கும் சினைப்பையிடம் இந்த வித்தை பலிக்காது. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்துவந்தார்கள். சினைப்பைப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை என்று 2021-இல் தெரிந்தது.

அந்த நோயின் அறிகுறிகள் இவை: வயிறு உப்புசம், நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர், அடிவயிற்று வலி. இதற்கெல்லாம் நம் வீடுகளில் ஓமத்தண்ணீர், இல்லாவிட்டால் மெடிக்கலில் கேஸ் மாத்திரை. வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் பலரும் ஸ்கேனுக்குப் போகிறார்கள். அப்போது நோய் பெரும்பாலும் பரவியிருக்கும்.

பிறகு அறுவை சிகிச்சை, கீமோ. வழக்கமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாக்லிடாக்சலும் கார்போபிளாட்டினும். முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்புகிறது, மறுபடியும் மருந்து. ஆண்டுக்கணக்கில் இதோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். டாக்டரைப் பார்ப்பது சில நிமிடம். ட்ரிப் ஏறும்போது மணிக்கணக்கில் பக்கத்தில் இருப்பவர் சிஸ்டர்தான். “சிஸ்டர், கை மரத்துப்போச்சு” என்ற பேச்சு அங்கேதான் வரும். பாக்லிடாக்சல் நரம்பைத் தொடும் மருந்து. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கும் பெண்ணுக்கு விரல் மரத்தால் அன்றாடக் கூலியே போய்விடும். அதைச் சில்லறைப் பக்கவிளைவு என்று ஒதுக்காமல் டாக்டரிடம் எடுத்துச் சொன்னால் மருந்தின் அளவை மாற்ற வழியுண்டு. காலும் மரத்திருந்தால் செருப்பில்லாமல் தோட்டத்துக்குள் போகாதீர்கள், வெந்நீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள் என்று சொல்லியனுப்புவதும் சிகிச்சைதான். காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்த நேரத்தில் தொற்று உயிருக்கே ஆபத்து. இதை யாராவது புரியும்படி சொல்லியிருக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலிதணிப்புச் செவிலியரும் வீடு தேடி வருகிறார். நல்ல ஏற்பாடு. ஆனால் படுக்கையில் விழுந்த பிறகுதான் அவர் வர வேண்டுமா? வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை, கணவரிடம் சொல்லக் கூசும் உடல் மாற்றங்கள் எல்லாம் கீமோ நாட்களிலேயே தொடங்கிவிடுகின்றன. முதல் கீமோ முடிந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், ராத்திரியிலும் எடுக்கக்கூடிய ஒரு செவிலியரின் போன் எண்ணை எழுதித்தர பெரிய செலவு ஆகாது.