மாசம் எவ்வளவு அனுப்புறான் என்று கேட்காதீங்க

ஆட்டையாம்பட்டிப் பெரியவர்களே, அண்ணன் தம்பிகளே,

தைப்பூசத்துக்கு வந்து காளிப்பட்டித் தேர் பார்த்துவிட்டு இங்கிலாந்தின் லெஸ்டருக்குத் திரும்பியதிலிருந்து மனசு ஆறவில்லை. இங்கே படிக்க வந்திருக்கும் நம் ஊர்ப் பையன்களைப் பற்றி எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு அனுப்புறான்?" முறுக்குக் கடையில் கேட்டீர்கள், தறிப்பட்டறையில் கேட்டீர்கள், பந்தியில் உட்கார்ந்தும் கேட்டீர்கள். சாப்பிட்டானா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கணக்கைச் சொல்கிறேன். லண்டனுக்கு வெளியே படிக்கிறவன் கையில் மாதச் செலவுக்கு 1,171 பவுண்ட் இருக்க வேண்டும் என்கிறது 2025 நவம்பரில் வந்த விசா விதி. ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்ட். அது 28 நாள் வங்கியில் இருக்க வேண்டும். நாம் அந்த 28 நாளை மட்டும் பிடித்துக்கொண்டோம். வட்டிக்கு வாங்கிப் போடுகிறோம், விசா வந்ததும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பணம்தான் அவன் வாடகை, அவன் சோறு, குளிரில் ஹீட்டர் போடும் காசு.

வேலை செய்து சமாளிப்பான் என்கிறீர்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. மீறினால் விசாவுக்கே ஆபத்து. 21 வயதானவனுக்கு 2025 ஏப்ரலில் வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். அந்தக் கூலிக்கு ஒரு நாள் விடாமல் போனாலும் நாலு வாரத்துக்குச் சுமார் 977 பவுண்ட்தான். அவன் செலவுக்கே எட்டாத கூலியில் எதை மிச்சம் பிடித்து அனுப்புவான்? உங்கள் கேள்விக்குப் பயந்துதான் ராத்திரி முழுக்க மறைவாக வேலைக்குப் போகிறான், பகலில் வகுப்பை விட்டுத் தூங்குகிறான், பெற்றவளிடம் பொய் சொல்லப் பழகுகிறான்.

நான் இங்கே சொந்த வீட்டில் இருக்கிறேன். உழைத்து வாங்கியது, பெருமைதான். அப்பா தறியில் நின்ற கடைசி வருஷங்களில் நான் பக்கத்தில் இல்லை. விட்டுப் போனவனுக்கு என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம், கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனாலும் இந்தப் பிள்ளைகளை நேரில் பார்க்கிறவன் நான்.

அனுப்புமுன் படிப்புக் கட்டணத்தையும், ஆண்டுக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணத்தையும், வாடகையையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். போதாவிட்டால் ஒரு வருஷம் பொறுத்து அனுப்புங்கள். வந்துவிட்டவனிடம் படிப்பு முடியும் வரை பணம் எதிர்பார்க்காதீர்கள். என் எண் உங்களிடம் இருக்கிறது; எந்த வீட்டுக் கணக்கானாலும் கூட உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை,
லெஸ்டரிலிருந்து