பிள்ளை பார்க்கும் வீடுகளில் ஒவ்வாமை: கவனிக்கப்படாத ஓர் அபாயம்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரமாகக் கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை நீளும் தமிழ், முஸ்லிம் ஊர்களில், காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் கைக்குழந்தைகள் கைமாறுகின்றனர். ஆசிரியைகள், தாதியர், அரச அலுவலகங்களில் பணியாற்றுவோர், கடைகளுக்கும் வயல்களுக்கும் செல்வோர் எனப் பல தாய்மாரும் தமது பிள்ளையை அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ, அவர்கள் இல்லாதவிடத்து மாதச் சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கும் அயல்வீட்டுப் பெண்ணிடமோ ஒப்படைத்துவிட்டே வேலைக்குப் புறப்படுகின்றனர். ஆலையடிவேம்பிலும் அதனை அடுத்துள்ள அக்கரைப்பற்றிலும் இத்தகைய வீடுகளுக்குப் பெரும்பாலும் பெயர்ப்பலகை கிடையாது. எப்பதிவேட்டிலும் அவை இடம்பெறுவதில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், ஒருவர் உழைப்பில் குடும்பம் நடத்த இயலாத நிலையில், இவ்வீடுகளின் தேவை மேலும் பெருகியுள்ளது.

இவ்வீடுகளின் பாதுகாப்புக் குறித்துப் பேசுவோர் கிணறு, அடுப்பு, வீதி ஆகியவற்றைப் பற்றிப் பேசுகின்றனர். அது சரியானதே. ஆயினும் குழந்தைக்கு ஊட்டப்படும் உணவும் ஓர் அபாயமாகலாம் என்பது எவர் கவனத்துக்கும் வருவதில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் வழக்கத்தில் எமது நாடு முன்னணியில் நிற்கின்றது; 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி அது 82 வீதமாகும். ஆறு மாதத்தின் பின்னரோ நிலைமை வேறு. முட்டை, மீன், பருப்பு, கோதுமை, பசும்பால் என ஒவ்வொன்றையும் குழந்தை முதன்முதலாகச் சுவைப்பது பல வேளைகளில் தாயின் மடியில் அன்று, பிள்ளை பார்ப்பவரின் மடியிலாகும். எனவே ஒவ்வாமையின் முதல் அறிகுறியைக் காணும் கண்களும் அவருடையனவே.

அவ்வறிகுறிகள் யாவை? உணவு உட்சென்ற சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலங்களுக்குள் உடலில் தடித்த சிவந்த திட்டுகள் தோன்றி இடம் மாறுதல், உதடும் கண்ணிமையும் வீங்குதல், வாந்தி, விடாத இருமல், மூச்சில் இழுப்பு என்பன முதன்மையானவை. பேசத் தெரியாத குழந்தை தனக்குத் தொண்டை அடைக்கின்றது என்று சொல்லாது. அழுகையின் குரல் கம்மிப் போதல், திடீரென வெளிறித் துவண்டு போதல், வழமைக்கு மாறான உறக்கம் ஆகியவையே அதன் மொழி. குழந்தை களைத்து உறங்குகின்றது என்று தொட்டிலில் கிடத்திவிடும் ஆபத்து இங்கேதான் உள்ளது. வேறொரு வகை, தோலில் எதனையும் காட்டாது. உண்டு ஒன்று முதல் நான்கு மணித்தியாலங்களின் பின்னர் மீண்டும் மீண்டும் வாந்தியாக வெளிப்பட்டு, உணவு பழுதாகிவிட்டது என்றோ காய்ச்சலின் தொடக்கம் என்றோ எண்ண வைக்கும். பசும்பால் ஒவ்வாத சில குழந்தைகளுக்கு மலத்தில் இரத்தக் கீறல் தென்படுவதுண்டு.

மறுபுறத்தில், தோலில் தோன்றுவதெல்லாம் ஒவ்வாமையும் அன்று. எமது வெயிலில் வேர்க்குருவும் நுளம்புக்கடியும் இல்லாத குழந்தை ஏது? புளிப்பான பழம் பட்டு வாயைச் சுற்றி மட்டும் சிவப்பதும் அவ்வாறே. எமது மூத்த பெண்களிடம் இது குறித்து ஓர் அறிவு ஏற்கெனவே உண்டு. கிரந்தி என்றும் கரப்பன் என்றும் அவர்கள் சொல்வதில் இறாலும் நண்டும் சூரை மீனும் இடம்பெறுவது தற்செயலன்று. (கத்தரிக்காய் மீது அவர்கள் சுமத்தும் குற்றம் சற்று அதிகம் என்பது வேறு விடயம்.) ஆனால் அந்தப் பழைய பட்டியலில், குழந்தைகளிடம் மிகுதியாக ஒவ்வாமை உண்டாக்கும் பசும்பாலும் முட்டையும் முன்னிடம் பெறுவதில்லை. பால் தூய உணவு என்ற எண்ணம் எம்மிடம் அவ்வளவு வேரூன்றியது. பால்மா ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடுக்கும் வழக்கமும் உண்டு. பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது என்பதைப் பலரும் அறியார். கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷாவிலும் சோளத்துடன் சோயாவும் பாற்பொடியும் சேர்கின்றன என்பதைப் பிள்ளை பார்ப்பவர் அறிந்திருத்தல் வேண்டும்.

எனினும், அறியாமையைக் காட்டிலும் பெரிய தடை அச்சமே என்பது எமது கருத்தாகும். மாதம் சில ஆயிரம் ரூபாவுக்கு மூன்று நான்கு பிள்ளைகளைப் பார்க்கும் பெண், நண்பகலில் ஒரு குழந்தையின் வயிற்றில் எழுந்து மாலைக்குள் மறைந்துவிட்ட தடிப்பைத் தாயிடம் சொல்வாரா? சொன்னால் கவனமில்லை என்ற பழி வரும். அடுத்த நாள் பிள்ளை வராது, வருமானமும் வராது. தாயின் பக்கத்திலும் இதே அச்சம் உண்டு. பிள்ளைக்கு ஒவ்வாமை என்று முன்கூட்டிச் சொன்னால், பொறுப்பெடுக்க மறுத்துவிடுவார் என்று அவர் வாய் திறப்பதில்லை. ஒவ்வாமைத் தடிப்புப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சுவடின்றி மறைந்துவிடுவதால், கண்டவர் சொல்லாதுவிட்டால் வைத்தியர் அறிய வழியேயில்லை.

எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்றும் கருதிவிட முடியாது. 2017 நவம்பரில் நியூயோர்க் நகரில் எலைஜா சில்வேரா என்ற மூன்று வயதுச் சிறுவன், பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் கொடுக்கப்பட்ட பாற்கட்டியுடன் கூடிய பாணை உண்டு உயிரிழந்தான். அவனுக்குப் பால் ஒவ்வாது என்பதை அந்நிலையம் அறிந்திருந்தது. அம்பியூலன்ஸ் அழைக்கப்படுவதற்குப் பதிலாகத் தாயே அழைக்கப்பட்டார். 2019 இல் அம்மாநிலம் அவன் பெயரிலேயே ஒரு சட்டத்தை இயற்ற நேர்ந்தது. அலுவலகமும் கோப்பும் உள்ள நிலையத்திலேயே தகவல் ஊட்டும் கைக்குப் போய்ச் சேரவில்லையெனில், கோப்பே இல்லாத எமது வீடுகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

எமது நாட்டுக்கே உரிய ஒரு விடயத்தையும் இங்கு குறிப்பிடல் அவசியமாகும். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தைச் சேர்ந்தோர் 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்று, தடுப்பூசி ஏற்றிய பின்னர் ஒவ்வாமைக்கு உள்ளான பிள்ளைகளிடம் மாட்டின் குருதிப் புரதமொன்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் காணப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. அப்புரதம் பசும்பாலிலும் மாட்டிறைச்சியிலும் உண்டு. தடுப்பூசியைத் தவிர்க்க வேண்டும் என்பது இதன் பொருளன்று; அவ்வாறு எவரேனும் கருதினால் அது பெருந்தவறு. பாலோ இறைச்சிச் சாறோ கொடுத்தபோது குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்பது, ஒன்பது மாதத் தடுப்பூசிக்கு முன்னர் கிளினிக்கில் சொல்லப்பட வேண்டிய செய்தி என்பதே பொருள். கல்முனையின் சமையலறையும் ஆலையடிவேம்பின் சமையலறையும் ஒன்றல்ல. எந்த வீட்டில் எது ஊட்டப்பட்டது என்று கேட்டால்தான் தெரியும்.

அச்சம் மறுதிசையிலும் கேடு விளைவிக்கும். முட்டை, மீன், கச்சான் ஆகியவற்றை இரண்டு மூன்று வயது வரை தள்ளிவைக்குமாறு ஒரு காலத்தில் வைத்தியர்களே கூறினர். ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு 2000 ஆம் ஆண்டில் அவ்வாறு பரிந்துரைத்த அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 2008 இல் அதனைக் கைவிட்டது. 2015 இல் வெளியான இலண்டன் ஆய்வில், கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். கச்சானை முற்றாகத் தவிர்த்தோரில் 17.2 வீதத்தினருக்கு ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை இருந்தது. சிறுவயதிலேயே உண்டோரில் அது 3.2 வீதமே. ஆகவே பிள்ளை பார்ப்பவர் பயந்து எல்லாவற்றையும் நிறுத்துவதும் தீர்வன்று. புதிய உணவை முதன்முறை தாயே, விடுமுறை நாளொன்றின் காலையில், சிறிதளவு கொடுத்துப் பார்த்த பின்னர் மற்றவரிடம் ஒப்படைப்பதே தக்க வழியாகும். கடுமையான கரப்பன் உள்ள குழந்தையாயின் முதலில் வைத்தியரைக் கேட்டல் நலம். கச்சானை முழுப் பருப்பாகக் கொடுக்கலாகாது; புரையேறி மூச்சடைக்கும்.

மூச்சு இழுக்கும்போதோ குழந்தை துவளும்போதோ செய்ய வேண்டியது ஒன்றே. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் கட்டணமின்றி வரும். அதனிலும் விரைவாக முச்சக்கர வண்டி கிடைக்குமாயின் அதிலேயே அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைக்கு விரையலாம். தொடையில் ஏற்றப்படும் அட்ரினலின் ஊசியே அவ்வேளையில் உயிர் காப்பது. பாமசியில் வாங்கி வைத்த அலர்ஜிப் பாணி அந்த வேலையைச் செய்யாது. உறக்கத்தைத் தந்து அறிகுறியை மறைக்கவும் கூடும். குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போடாது, கைகளில் கிடையாக வைத்திருத்தல் வேண்டும். தாயை அழைப்பது அதன் பின்னரே.

இவ்வீடுகளைப் பதிவு செய், இல்லையேல் மூடு என்று அதிகாரிகள் புறப்படுவதை நாம் விரும்பவில்லை. அவ்வாறு செய்தால் அவை மேலும் மறைவாகவே நடக்கும். குழந்தை பிறந்த வீட்டைத் தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், ஆறு மாதத்தின் பின்னர், அக்குழந்தை பகலில் எங்கு இருக்கின்றது என்று ஒரு கேள்வி கேட்டு, அவ்வீட்டுக்கும் ஒரு தடவை சென்று வந்தால் அதுவே பெரும் பணியாகும். ஏற்கெனவே பளு மிகுந்த அவர்களது கடமை நேரத்தில் இதற்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பது சுகாதார வைத்திய அதிகாரிகளின் பொறுப்பாகும். பிள்ளையின் கிளினிக் அட்டை தாயின் அலுமாரியில் இருப்பதை விடுத்துப் பிள்ளையுடனேயே செல்லலாம். என்ன உண்டது, எத்தனை மணிக்கு, என்ன தோன்றியது என்று பிள்ளை பார்ப்பவரோ, அவருக்கு எழுத இயலாவிடின் மாலையில் தாயோ குறித்து வைக்கலாம். கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை இம்முயற்சியை அக்கரைப்பற்றிலும் ஆலையடிவேம்பிலும் ஒரே வேளையில் ஆரம்பித்து, பிள்ளை பார்க்கும் பெண்களையும் தாய்மாருடன் கிளினிக்குக்கு அழைக்க முன்வர வேண்டும்.