ஓசூருக்கு முன்பே நின்றுவிடும் ரயில்

ஓசூர் ரயில் ஸ்டேஷனுக்கு ஒரு சரித்திரம் உண்டு. தளியிலும் கெலமங்கலத்திலும் உள்ள உழைப்பாளி மக்கள் அதை அறிய வேண்டும்.

பஞ்சத்தில் ஜனங்கள் மடிந்த வறண்ட பூமி இது. பஞ்ச நிவாரணத்தின் பேரால் வெள்ளைக்கார சர்க்கார் இங்கே இரண்டரை அடி அகலத்தில் சின்ன ரயில் போட்டது. 1905ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு, 1906ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு. 1913ல் அது ஓசூர் வரை நீண்டது. பிறகு யுத்தம் வந்தது. ஏகாதிபத்தியத்திற்கு இரும்பு வேண்டியிருந்தது. 1941ல் ஓசூர் பாதையை மூடி, தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனார்கள்! பஞ்சத்திற்கென்று போட்ட பாதை யுத்தத்திற்குப் போயிற்று. ஜனங்களை யார் கேட்டார்கள்?

வெள்ளைக்காரன் போய் இருபது வருஷத்திற்குப் பிறகுதான், 1960களின் கடைசியில், சேலம் – பெங்களூர் மீட்டர் கேஜ் பாதையில் ஓசூர் மறுபடி ரயிலைக் கண்டது. 1970களில் சிப்காட் வந்தது, ஆலைகள் எழுந்தன. 1990களில் பாதை அகலமாயிற்று.

இன்று நிலைமை என்ன? தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கூலி விவசாயி மக்கள், மழை பொய்த்தால் ஆலைக்குப் போகிறார்கள். ஓசூரில் வேலை கிடைக்காதவர்கள் எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் போகிறார்கள். காண்ட்ராக்ட் கூலியில் ஒரு பங்கை பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் விழுங்குகின்றன. ஓடுகிற பாசஞ்சர் வண்டிகளோ ஷிப்டுச் சங்கைக் கேட்டு ஓடுவதில்லை. சென்னையில் பீச் – தாம்பரம் மின்சார ரயில் 1931லேயே ஓடத் தொடங்கியது. சீசன் டிக்கெட் வாங்கி உழைப்பாளி அங்கே வேலைக்குப் போகிறான். இங்கே அதைக் கேட்டால் பேராசையா?

பெங்களூர் புறநகர் ரயிலுக்கு 2020 அக்டோபரில் மத்திய மந்திரிசபை அனுமதி தந்தது. 148 கிலோமீட்டர், 15,767 கோடி ரூபாய். அதில் ஒரு தடம் ராஜனகுண்டேயிலிருந்து ஹீலலிகே வரை. ஹீலலிகே எங்கே இருக்கிறது? ஓசூருக்குப் போகும் இதே பாதையில்தான்! அடுத்துள்ள ஆனேக்கல் ரோடைத் தாண்டினால் ஓசூர். ஆனால் திட்டம் எல்லைக்கு முன்பே நின்றுவிட்டது.

ஓசூர் ஸ்டேஷன் தமிழ்நாட்டில் இருக்கிறது; அதன் நிர்வாகமோ ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயிடம். ஆகவே ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்ள வசதியாக இருக்கிறது. கன்னடம் பேசுகிறவனுக்கும் தெலுங்கு பேசுகிறவனுக்கும் தமிழ் பேசுகிறவனுக்கும் பஸ் கட்டணம் ஒன்றுதான் என்பதை இரு பக்கத்து இனவாதிகளும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். லாரி லாரியாகச் சரக்கு போகும்போது எல்லை குறுக்கே நிற்பதில்லையே!

புறநகர் ரயிலை ஓசூர் வரை நீட்டு என்று கோருகிறோம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. இருக்கிற பாதையிலேயே மூன்று ஷிப்டுக்கும் பொருந்த வண்டி விடவேண்டும். தளியிலிருந்து ஓசூர் ஸ்டேஷன் இருபது கிலோமீட்டருக்கு மேல். காலை ஷிப்டு வண்டியைப் பிடிக்கிற நேரத்திற்குத் தளியிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் சர்க்கார் பஸ் ஸ்டேஷன் வாசல் வரை வரவேண்டும். இரவு ஷிப்டு முடிந்து இறங்கும் பெண்களை அதே பஸ் ஊரில் கொண்டுபோய் விடவேண்டும்.