ஏமாந்தவங்களைப் பார்த்து சிரிச்சா, திருடனுக்குத்தான் லாபம்



கொஞ்சம் நீளமான பதிவுதான். தீபாவளிக்கு முன்னாடி வீட்டைச் சுத்தம் பண்ணி, பழைய சாமானை ஆன்லைனில் போட்டு விற்கிற பழக்கம் இப்போ நம்ம மக்களிடம் நிறைய வந்துவிட்டது. அதனால் பொறுமையாகப் படிங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா வாசிச்சுக் காட்டுங்க.

எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குச் சமையல் பார்க்கும் அக்கா ஒருத்தர் இருக்கார். பேர் வேண்டாம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். வீட்டில் சும்மா கிடந்த மாவாட்டும் கிரைண்டரைப் படம் எடுத்து, 350 வெள்ளி என்று போட்டார். பத்து நிமிஷத்தில் ஒருத்தன் மெசேஜ் பண்ணினான். விலை குறைக்கச் சொல்லவே இல்லை. தான் ஜொகூரில் இருப்பதாகவும், பணம் கட்டிவிட்டதாகவும், கூரியர் ஆள் வந்து சாமானை எடுத்துக்கொள்வார் என்றும் மலாயில் எழுதினான். கூடவே ஒரு லிங்க். திறந்து பார்த்தால் கூரியர் கம்பெனி பேர், சின்னம், அக்கா எடுத்த அதே கிரைண்டர் படம், 350 வெள்ளி, எல்லாம் சரியாக இருந்தது. கீழே, பணத்தைப் பெற உங்கள் பேங்கைத் தேர்ந்தெடுக்கவும் என்று ஒரு பொத்தான்.

அக்கா பேங்கைத் தேர்ந்தெடுத்து, யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய உண்மையான பேங்க் ஆப்பில் அனுமதி கேட்டு ஒரு அறிவிப்பு வந்தது. பணம் உள்ளே வரத்தான் கேட்குதுன்னு நினைச்சு அழுத்திட்டார். 4,800 வெள்ளி வெளியே போயிடுச்சு. மகள் பாலிடெக்னிக் படிப்புக்கு வச்சிருந்த பணம்.

பணம் போனதைவிட எங்களை உறுத்துவது வேறொன்று. அக்கா ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. முதல் வெள்ளிக்கிழமை வரலை, உடம்பு சரியில்லைன்னு நினைச்சோம். அடுத்த வெள்ளியும் வரலைன்னு வீட்டுக்குப் போனோம். அப்போதான் அழுதுகிட்டே சொன்னார்.

"ஏன்க்கா அன்னைக்கே சொல்லலை?" என்று கேட்டோம்.

"போன மாசம் அந்த அண்ணன் ஏமாந்தப்போ எல்லாரும் எப்படி சிரிச்சீங்க தம்பி? நானும் சேர்ந்துதானே சிரிச்சேன்" என்றார்.

எங்களுக்குப் பதில் வரலை. அவர் சொன்னது உண்மை. அந்த அண்ணன் பழைய போனை விற்றார். வாங்க வந்தவன் பணம் அனுப்பியாச்சுன்னு ரெசிட் படத்தைக் காட்டி, போனை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ரெசிட் போலி. அதுக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சிரிப்பு ஸ்டிக்கர் எத்தனை! இந்தக் காலத்தில் இதுகூடத் தெரியாதான்னு ஒருத்தர். பேராசைன்னு இன்னொருத்தர். பழைய போனை விற்கிறதுல என்ன பேராசை? அன்னைக்கு அதை யாரும் கேட்கலை. நாங்களும் கேட்கலை.

நாங்க பிறை தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிற ஆளு. படிப்பு எஸ்பிஎம்தான். ஆனா ஃபேக்டரி ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கு. அங்கே 'நியர் மிஸ்' என்று ஒரு ஃபாரம் உண்டு. அடிபடலை, ஆனா பட இருந்துச்சு என்றால் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்னாடி வேலை செய்த ஒரு இடத்தில், எழுதிக் கொடுத்தவனுக்குத்தான் திட்டு விழும். அதனால் யாரும் எழுத மாட்டாங்க. ஒரு மெஷினில் பாதுகாப்பு மூடி கழன்று கிடந்ததை மூணு பேர் பார்த்திருக்காங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. நாலாவது ஆளுக்கு விரல் போச்சு. அதுக்கப்புறம்தான் யார் தப்புன்னு கேட்கிறதை விட்டுட்டு, எப்படி நடந்துச்சுன்னு கேட்கக் கத்துக்கிட்டோம்.

கோயிலில் நாங்கள் செய்ததும் அந்தத் திட்டு வேலைதான். அண்ணனிடம் எப்படி நடந்தது என்று கேட்டு நாலு பேருக்குச் சொல்லியிருந்தால், ஆன்லைனில் விற்கிறவங்களுக்கும் ஆபத்து இருக்குன்னு அக்காவுக்குத் தெரிந்திருக்கும். சிரிச்சதால அவர் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு, ஏமாந்தா வெளியே சொல்லக்கூடாது என்பதுதான்.

சரி, இப்போ விஷயத்துக்கு வருவோம். வாங்குறவங்கதான் ஏமாறுவாங்க, பணம் வாங்குற நமக்கு என்ன பயம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். திருடனுக்கு அந்த நினைப்புதான் வசதி. ஒரு கணக்கை மட்டும் மனசில் வச்சுக்குங்க. நமக்குப் பணம் வர நம்ம பேர், பேங்க் பேர், அக்கவுண்ட் நம்பர் போதும். டுயிட்நவ் பதிவு செய்திருந்தால் போன் நம்பரே போதும். பாஸ்வேர்ட் வேண்டாம். ஓடிபி வேண்டாம். கார்டு நம்பர், பின் நம்பர் வேண்டாம். லிங்க் வேண்டாம். இதுக்கு மேல யார் எதைக் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்க.

அவங்க போடுகிற வேஷங்கள் பல. நாங்கள் கேள்விப்பட்டதையும் எங்கள் பக்கத்தில் நடந்ததையும் சொல்கிறோம்.

ரெசிட் படம்: போனில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ரெசிட்டைப் பார்க்காதீங்க. உங்க பேங்க் ஆப்பை நீங்களே திறந்து, பணம் ஏறியிருக்கான்னு பாருங்க. உடனடி டிரான்ஸ்ஃபர் என்றால் பெரும்பாலும் அப்பவே வந்துவிடும். ரெண்டு மணி நேரத்தில் வரும், நாளைக்கு வரும் என்றால், சாமானும் நாளைக்கே போகட்டும். கோபப்பட்டால் படட்டும்.

கியூஆர் கோட்: பணம் கட்டுறவங்கதான் ஸ்கேன் பண்ணணும். பணம் வர நீங்க ஸ்கேன் பண்ணுங்கன்னு சொன்னா, அது உங்க பணத்தை எடுக்கும் வழி.

கூடுதல் பணம்: 350க்குப் பதிலா தெரியாம 3,500 போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கன்னு கெஞ்சுவாங்க. முதலில் பணம் வந்ததான்னு பாருங்க. உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களா திருப்பி அனுப்பாதீங்க. அது இன்னொருத்தரை ஏமாத்தின பணமா இருக்கலாம். பேங்க்கில் சொல்லி, பேங்க் வழியாகவே போகட்டும். செக் கொடுத்தாலும் கிளியர் ஆகும்வரை அது வெறும் காகிதம்தான்.

புது ஆப்: கூரியர் ஆப், வாங்குற ஆப் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைலை அனுப்பி, போனில் ஏற்றச் சொல்வாங்க. 'ஏபிகே' என்று முடியும். ஏற்றினால் உங்க போனில் வருகிற மெசேஜை அவங்க படிக்க முடியும். தொடவே தொடாதீங்க.

முன்பணம்: கூரியர் இன்சூரன்ஸ், டெபாசிட், நாங்க பிறகு திருப்பித் தருவோம்பாங்க. விற்கிற நாம எதுக்குப் பணம் கட்டணும்?

முடிஞ்ச வரைக்கும் நேரில் வாங்கிப் போகிறவங்களுக்கே விற்கலாம். பகல் நேரம், ஆள் நடமாட்டம் உள்ள இடம், கூட ஒருத்தர். பணம் ஏறியதைப் பார்த்த பிறகு சாமான் கை மாறட்டும். சந்தேகம் இருந்தால், போலீஸ் நடத்தும் 'செமாக் மியூல்' பக்கத்தில் போன் நம்பரையோ அக்கவுண்ட் நம்பரையோ போட்டு, புகார் இருக்கான்னு பார்க்கலாம். ஆனா அங்கே ஒண்ணும் இல்லைன்னு வந்தா நல்லவன்னு அர்த்தம் இல்லை. இன்னும் யாரும் புகார் கொடுக்கலைன்னுதான் அர்த்தம். ஏமாந்தவங்க வெட்கப்பட்டு ஒளிச்சா, அந்தப் பட்டியல் எப்படி நிரம்பும்?

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்துட்டீங்களா? அழுறது அப்புறம். முதலில் போனை எடுத்து 997க்குக் கூப்பிடுங்க. இது தேசிய மோசடி தடுப்பு மையத்தின் எண். போலீஸ், பேங்க் நெகாரா, பேங்குகள் எல்லாம் சேர்ந்து செயல்பட 2022 அக்டோபரில் தொடங்கினது. உங்க பேங்க்கின் அவசர எண்ணுக்கும் கூப்பிடலாம். பேங்க் ஆப்பில் 'கில் சுவிட்ச்' வசதி இருந்தா, அதை அழுத்தி உங்க அக்கவுண்ட்டை நீங்களே முடக்கலாம். அன்றைக்கே பாலாய் போலீசுக்குப் போய் ரிப்போர்ட் செய்யுங்க. மெசேஜ் எதையும் அழிக்காதீங்க, அதுதான் சாட்சி.

ஏன் இந்த அவசரம்? போன பணம் ஒரு அக்கவுண்ட்டில் உட்கார்ந்திருக்காது. அங்கிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று ஓடும். நடுவில் எங்காவது பிடிச்சு நிறுத்தினால்தான் உண்டு. உடனே கூப்பிட்டா பணம் கண்டிப்பா கிடைக்கும்னு நாங்க சொல்லலை. ஆனா ஒன்பது நாள் கழிச்சு அக்காவோடு போய்ப் புகார் கொடுத்தப்போ, அந்த அக்கவுண்ட் காலி. வெட்கப்பட்ட அந்த ஒன்பது நாளும் திருடனுக்கு நாம கொடுத்த டைம்.

இன்னொரு எச்சரிக்கை. நீங்க ஏமாந்த பிறகு, 997லிருந்து பேசுறோம், போன பணத்தை மீட்டுத் தர்றோம்னு யாராவது கூப்பிட்டா நம்பாதீங்க. போனை வச்சுட்டு, நீங்களா கூப்பிட்டுக் கேளுங்க.

நம்ம பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பணம் ஓடுற அக்கவுண்ட் எல்லாம் யாருடையது? கொஞ்சம் வெள்ளிக்காக ஏடிஎம் கார்டைக் கொடுத்துவிட்ட சாதாரண பையன்களுடையதும்தான். ஃபேக்டரி வாசலிலேயே வந்து கேட்கிறாங்க. 'கார்டை மட்டும் கொடு தம்பி, மாசம் காசு வரும்' என்கிறாங்க. 2024இல் நம்ம நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் இதுக்குன்னே தனிப் பிரிவுகள் சேர்த்துட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்லித் தப்பிக்கிறது கஷ்டம். நம்ம வீட்டு அக்கா பணம் நம்ம வீட்டுத் தம்பி அக்கவுண்ட் வழியாப் போகக்கூடாது.

இதைப் பேசினப்போ சிலர், எதுக்கு இந்த வம்பு, ஆன்லைனில் விற்காமலே இருங்கன்னு சொன்னாங்க. எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய கிரைண்டர் 350 வெள்ளி என்பது சில வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, காலணி. சும்மா கிடக்கும் சாமான் இன்னொரு வீட்டுக்குப் பயன்படுவதும் நல்லதுதானே. ரோட்டில் விபத்து நடக்குதுன்னு யாரும் மோட்டார் ஓட்டுறதை நிறுத்தலை. ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் ஓட்டுறோம்.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கோம். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, அன்னதான மண்டபத்து ஓரத்தில் ஒரு மேசை போடுவோம். இளைஞர் பிரிவுத் தொண்டூழியர்கள் ரெண்டு பேர் உட்காருவாங்க. லிங்க் வந்திருக்கா, ரெசிட் வந்திருக்கா, அழுத்துறதுக்கு முன்னாடி கொண்டு வந்து காட்டுங்க. பாஸ்வேர்டை மட்டும் எங்களிடமும் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாத விஷயம்னா, வீட்டுல பிள்ளைகளிடமாவது காட்டுங்க. ஏமாந்துட்டீங்கன்னாலும் வாங்க. எப்படி நடந்துச்சுன்னு மட்டும்தான் கேட்போம். பாலாய்க்கு ஒருத்தர் கூட வருவார்.

அந்த அண்ணனிடம் எல்லாரும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டாச்சு. அக்கா போன வெள்ளிக்கிழமை சமையலுக்குத் திரும்ப வந்துட்டார். மேசையில் முதல் நாள் தானே உட்கார்ந்து நடந்ததைச் சொல்றேன்னு அவரே கேட்டிருக்கார். கிரைண்டர் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கு. வேணும்னா நேரில் போய்ப் பாருங்க, நல்லா ஓடுது.